கேட்டதும் அறிவித்ததும்: அமைப்பு மாற்றமும் தேனி வட்டார வணிகவியல் மாணவரின் குடிமை மனப்பாங்கும்

வணிகவியலும் வணிக மேலாண்மையும் படிக்கும் மாணவர்களுக்குப் பொதுக் காரியங்களில் அக்கறை குறைந்துவருகிறது என்ற புகார் நம் கல்லூரிக் கருத்தரங்குகளில் அடிக்கடி எழுகிறது. அதை ஆராயும் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. ஐந்து படி அளவுகோலில் சில கூற்றுகள், வகுப்பறையிலேயே நிரப்பி வாங்கிய படிவங்கள், சதவீதப் பகுப்பாய்வு, கை-வர்க்கச் சோதனை, காரட் தரவரிசை என்று போய், பாலினத்துக்கும் குடிமை மனப்பாங்குக்கும் தொடர்பு உண்டு அல்லது இல்லை என்ற ஒரு வரியில் முடிகின்றன. மனப்பாங்கு என்பது மாணவர் வீட்டிலிருந்து தமக்குள்ளேயே கொண்டுவரும் குணம், அதை அளந்தால் போதும் என்ற எண்ணம் இவற்றுக்கு அடியில் இருக்கிறது. அந்த எண்ணத்தையே இக்கட்டுரை மறுக்கிறது.

ஒருவர் சார்ந்திருக்கும் அமைப்பு மாறும்போது அவரோடு கலந்தாலோசித்தார்களா, முடிவை மட்டும் அறிவித்தார்களா என்ற அனுபவம் ஆண்டுக்கணக்கில் படிந்து உருவாவதே குடிமை மனப்பாங்கு என்பது என் வாதம். அமைப்பு மாற்றம் பற்றிய ஆய்வும் மாணவரின் குடிமை உணர்வு பற்றிய ஆய்வும் நம் பல்கலைக்கழகங்களில் இரண்டு தனித்தாள்களாகக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படிக்கத் தேனி மாவட்டம், குறிப்பாக அதன் வடகிழக்கில் மஞ்சளாற்றை ஒட்டிய தேவதானப்பட்டி, மிகப் பொருத்தமான களம். புதிதாக எடுத்த கணக்கெடுப்பு எதையும் நான் இங்கே முன்வைக்கவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே இங்கு வழக்கு.

ஹார்வுட் ஆலையில் நடந்தது

அமைப்பு மாற்றம் பற்றிய பாடநூல் எதைத் திறந்தாலும் ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்றொரு அத்தியாயம் இருக்கும். அதன் வேர்களில் முக்கியமானது 1948-இல் லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மரியன் என்ற சிற்றூரில் ஹார்வுட் நிறுவனத்தின் பைஜாமா தைக்கும் ஆலை இருந்தது. பீஸ் ரேட் கூலிக்கு வேலை செய்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி சரிந்தது, கோபம் மூண்டது, பலர் வேலையை விட்டே போனார்கள்.

ஆய்வாளர்கள் குழுக்களைப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாற்றம் அறிவிக்கப்பட்டது, அவ்வளவுதான். இன்னொரு குழு தன் பிரதிநிதிகள் வழியாக மாற்றத்தைத் திட்டமிட்டது. மற்ற இரு குழுக்களில் எல்லோரும் பங்கேற்றார்கள். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதத்தினர் விலகினர். எஞ்சியவர்களின் வேகமும் மீளவில்லை. எல்லோரும் பங்கேற்ற குழுக்களில் வேகம் விரைவில் பழைய நிலையை எட்டி அதையும் தாண்டியது.

பாடநூல்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகின்றன. எனக்கு அடுத்துவரும் பகுதியே முக்கியம். முரண்டு பிடித்த அந்த முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை, சில மாதங்கள் கழித்து, வேறொரு வேலைமாற்றத்தில் முழுப் பங்கேற்போடு ஈடுபடுத்தினார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே விரைவில் மீண்டார்கள். முன்பு முரண்டியவர்களும் இப்போது ஒத்துழைத்தவர்களும் ஒரே ஆட்கள். அப்படியானால் எதிர்ப்பு அவர்களின் குணத்தில் இருக்கவில்லை, மாற்றம் நடத்தப்பட்ட விதத்தில் இருந்தது.

இந்த முடிவின் கனத்தை மேலாண்மைக் கல்வி தாங்கிக்கொள்ளவில்லை. கர்ட் லெவினின் மாற்றக் கோட்பாட்டை மூன்று கட்டங்களாகச் சுருக்கிக் கற்பித்தது. ஜான் காட்டர் 1996-இல் எழுதிய எட்டுப் படிகளை மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்தது. இவற்றில் மாற்றத்தைக் கொண்டுவருபவர் மேலே இருக்கிறார். கீழே இருப்பவர்கள் இணங்கவைக்கப்பட வேண்டியவர்கள். வணிகவியல் மாணவர் மூன்றாண்டுகள் மேலே இருப்பவரின் கண்ணால் மட்டுமே பார்க்கப் பழகுகிறார். படித்து முடித்து வேலைக்குச் சேரும் நாளில் அவர் நிற்கப்போகும் இடமோ கீழே. இது சிறிய முரண் அல்ல.

அரசியல் கோட்பாட்டாளர் கரோல் பேட்மன் 1970-இல் இதே இழையை எதிர்முனையிலிருந்து பற்றினார். வேலையிடத்தில் முடிவெடுப்பில் பங்கு பெறுபவரே குடிமக்களில் ஒருவராகவும் தம் சொல்லுக்கு மதிப்புண்டு என்று நம்புகிறார் என்பது அவர் வாதம். 1963-இல் ஐந்து நாடுகளை ஒப்பிட்டு ஆல்மண்டும் வெர்பாவும் திரட்டிய தரவுகளை அதற்குத் துணையாகக் கொண்டார். அமைப்பு மாற்றமும் குடிமை மனப்பாங்கும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டப்பட்டுவிட்டது. நம் பாடத்திட்டங்களில் அது இன்னும் ஏறவில்லை.

மாணவர்கள் சொல்வதும் செய்வதும்

என் வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. வணிகமும் பொருளியலும் படிக்க வருபவர்களே இயல்பில் தன்னலம் மிக்கவர்கள், அமைப்பு அனுபவம் எதற்கு என்று கேட்கலாம். 1981-இல் மார்வெல், ஏம்ஸ் இருவரும் நடத்திய பொதுநிதிச் சோதனைகளில் மற்றவர்கள் தம் பங்கில் ஏறத்தாழ பாதியைப் பொதுவுக்கு அளித்தார்கள். பொருளியல் முதுநிலை மாணவர்கள் அளித்தது ஐந்தில் ஒரு பங்கு. 1993-இல் ஃபிராங்க், கிலோவிச், ரீகன் மூவரும் பொருளியல் பயிற்சியே ஒத்துழைப்பைக் குறைக்கிறது என்று வாதிட்டார்கள். கார்ட்டரும் அயன்ஸும் அதற்கு முன்பே, 1991-இல், இந்த வேறுபாடு கல்லூரியில் நுழையும்போதே இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

இந்தச் சர்ச்சையில் நான் பெரிதாக மதிப்பது 1996-இல் யெஸரும் அவர் சகாக்களும் செய்த எளிய வேலையை. முகவரி எழுதி, உள்ளே பணம் வைத்த உறைகளை வகுப்பறைகளில் தவறவிட்டது போல் போட்டுவைத்தார்கள். பொருளியல் வகுப்புகளிலிருந்து 56 சதவீத உறைகள் பணத்தோடு திரும்பின, பிற வகுப்புகளிலிருந்து 31 சதவீதம். பொதுநிதிச் சோதனையில் தன்னலமாகத் தெரிந்த துறையினர் உண்மையான உறையைக் கண்டபோது அப்படி நடக்கவில்லை. படிவத்தில் மாணவர் இடும் டிக் குறி அவருடைய குடிமை உணர்வைக் காட்டும் என்று நம்புபவர்கள் இந்த ஆய்வை முதலில் படிக்க வேண்டும்.

சுமந்திர கோஷல் 2005-இல் எழுதிய கட்டுரையின் வாதம் இதைவிட ஆழமானது. மனிதர் தன்னலமிகள் என்று எடுத்துக்கொண்டு வகுத்த மேலாண்மைக் கோட்பாடுகளைக் கற்பித்துக் கற்பித்து, அந்தக் கோட்பாடுகள் சொல்லும் மனிதர்களையே வணிகப் பள்ளிகள் உண்டாக்குகின்றன என்றார் அவர். எனக்கு இதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் கோஷலின் கண் வகுப்பறைக்குள் நிற்கிறது. தேனி மாவட்டத்து மாணவர் மதியத்துக்குப் பின் பஸ் ஏறி ஊருக்குப் போகிறார். அங்கே அவருக்கு வேறு பள்ளிக்கூடம் நடக்கிறது.

மகமையில் பிறந்த கல்லூரிகள்

இம்மாவட்டத்தில் வணிகவியல் கற்பிக்கும் கல்லூரிகளின் பிறப்பைப் பார்த்தால், வணிகமும் குடிமையும் எதிரெதிரானவை என்ற பேச்சே இங்கே செல்லாது. போடிநாயக்கனூரில் இருக்கும் கல்லூரியின் பெயரே ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி. ஏலக்காய்த் தோட்டக்காரர்களின் சங்கம் எழுப்பியது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-இல் தனியார் கொடையாகத் தோன்றியது. தேனியில் நாடார் சரஸ்வதி கல்லூரியை நடத்துவது மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை.

இவற்றில் உறவின்முறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது தென்மாவட்டச் சந்தையூர்களில் வணிகர்கள் கட்டிய அமைப்பு. விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகமையாகப் பொது நிதிக்கு எடுத்துவைத்தார்கள்; குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரியும் உண்டு. அந்த நிதியிலிருந்து பேட்டை, கிணறு, கோயில், பள்ளிக்கூடம் வந்தன. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியா சாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். லாபம் கைக்கு வரும் முன்பே பொதுப் பங்கைப் பிரித்துவிடும் ஏற்பாடு இது. 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நம் மாணவர்கள் அதைப் புதுமையாகப் படிக்கிறார்கள். தங்கள் கல்லூரிக் கட்டடமே அதற்கும் பழையதொரு வழக்கத்தின் விளைவு என்பது தேர்வுக்கு வருவதில்லை.

எனினும் இதைப் பொற்காலமாகப் பாடுவது நேர்மையாகாது. உறவின்முறையில் குரல் குடும்பத் தலைவனாகிய ஆணுக்கு. பெண்ணுக்கும் இளையவனுக்கும் அங்கே பேச இடமில்லை. பொது என்ற வட்டம் சாதியின் எல்லையோடு நின்றது. கல்லூரி எல்லாச் சாதி மாணவர்க்கும் திறந்தது பெரிய மாற்றம். ஆனால் நிதி எங்கே போக வேண்டும், யார் தீர்மானிப்பது என்ற இடத்தில் அந்த மாணவர்கள் ஒருபோதும் அமரவில்லை. பயன்பெறுபவராக இருப்பதும் உறுப்பினராக இருப்பதும் வேறு. குடிமை மனப்பாங்கை அளக்கும் படிவங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிவிடுகின்றன.

மஞ்சளாற்று ஆயக்கட்டு

தேவதானப்பட்டி என்றதும் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலை நினைப்பவர்கள் அதிகம். ஊரின் பிழைப்பைத் தீர்மானிப்பது அதற்கு மேலே இருக்கும் மஞ்சளாறு அணை. முழுக் கொள்ளளவில் 57 அடி உயரத்துக்கு நீர் நிற்கும். தேனி, திண்டுக்கல் என இரு மாவட்டங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் பாசனம். நெல், தென்னை, மா என்று அந்த நீரை நம்பியிருக்கும் வீடுகளின் பிள்ளைகளே பெரியகுளம், தேனிக் கல்லூரிகளில் பி.காம். படிக்கிறார்கள்.

பாசன நிர்வாகத்தைப் போல இவர்கள் ஊர்களில் உருமாறிய அமைப்பு வேறொன்றில்லை. மடை திறக்கும் பொறுப்பைப் பரம்பரையாகச் செய்துவந்த நீர்பாய்ச்சிகளும், ஊரே கூடி வரத்துக்கால் வெட்டும் குடிமராமத்தும் பழைய அமைப்பு. பின்னர் பொதுப்பணித்துறை எல்லாவற்றையும் தன் கையில் எடுத்தது. 2000-ஆம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்வதற்கான சட்டம் பொறுப்பில் ஒரு பகுதியை நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் திருப்பித்தர முனைந்தது. தலைவர், ஆட்சி மண்டலத் தொகுதி உறுப்பினர் என்று தேர்தல்கள் வந்தன. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. வேலைமதிப்பில் 10 சதவீதத்தை விவசாயிகள் தரவேண்டும் என்றது.

மேலாண்மைப் பாடமாக இதைவிட நல்ல நேர்வு கிடைக்காது. அதிகாரம் ஊரிலிருந்து துறைக்குப் போய், துறையிலிருந்து பாதி வழி திரும்பியது. எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட நூலில், நீடித்து நிற்கும் பொதுவள அமைப்புகளுக்கு ஒரு பொதுக்கூறு சொன்னார்: விதியால் பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் அந்த விதியை மாற்றவும் இடம் இருக்க வேண்டும். நம் சங்கங்களில் உறுப்புரிமை ஆயக்கட்டு நிலத்தோடு பிணைந்தது. பட்டாவில் பெயர் இல்லாத மகனும் மகளும் அந்த நீரில் வாழ்கிறார்கள், அந்தத் தேர்தலில் இல்லை. மடைக்கு வேலை செய்யும் கூலிக் குடும்பத்து மாணவிக்கு அந்தச் சங்கம் சாலையோரப் பெயர்ப்பலகை மட்டுமே. அமைப்பு மாறியது அவர்களுக்கு வந்து சேர்ந்த வழி அறிவிப்புதான்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைக்காகக் கம்பம் பள்ளத்தாக்கே தெருவுக்கு வந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள், கடைகள் அடைத்துக் கிடந்தன. மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் போய்வந்த பெண்கள் பிழைப்பை இழந்து ஊர் திரும்பினார்கள். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய எழுச்சி உள்ள மண்ணில் பாசனச் சங்கக் கூட்டங்களுக்கு இளைஞர்கள் வருவதில்லை என்று அதிகாரிகள் வருந்தும்போது, அக்கறையின்மை என்ற விளக்கம் பொருந்தவில்லை. போராட்டத்தில் நிலம் இருப்பவர், இல்லாதவர் என்ற கணக்கில்லாமல் எல்லோருக்கும் குரல் இருந்தது. சங்கத்தில் இல்லை. ஹார்வுட்டின் 13 பேரைப் போல, ஒரே மக்கள் இரண்டு விதமாக நடப்பதற்கு அமைப்பின் வாசலே காரணம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் சொன்னபடி, அமைப்பு சீர்கெடும்போது ஒருவர் குரல் எழுப்பலாம் அல்லது வெளியேறலாம். தேனி மாணவர்க்கு வெளியேறும் வழி எளிது: திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை. பட்டம் என்பதே வெளியேறுவதற்கான சீட்டாக வீடுகளில் கருதப்படுகிறது. குரலுக்கு வழி அடைத்திருக்கும் இடத்தில் வெளியேற்றத்தைத் தேர்ந்தவரைக் குடிமை உணர்வு குறைந்தவர் என்று ஆய்வேடு எழுதினால், அது அந்த மாணவருக்குச் செய்யும் அநீதி.

ஒரே பெஞ்சில் இரண்டு உள்ளாட்சி

இந்த வாதத்தைச் சோதிக்க வழி உண்டா? உண்டு. அதைத் தமிழ்நாட்டின் உள்ளாட்சி வரலாறே, யாரும் திட்டமிடாமல், அமைத்துத் தந்திருக்கிறது.

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஊரக உள்ளாட்சிகளுக்குத் தேனி உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேவதானப்பட்டி பேரூராட்சி. சற்றுத் தள்ளியிருக்கும் ஜெயமங்கலமும் குள்ளப்புரமும் கிராம ஊராட்சிகள். ஆகவே பெரியகுளத்துக் கல்லூரி ஒன்றில் 2020-இல் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த இரண்டு வணிகவியல் மாணவியரை எண்ணிப்பாருங்கள். இருவரும் 2019 மக்களவைத் தேர்தலில் வாக்களித்திருக்கலாம். இருவரும் அதே பாடநூலையும் அதே ஆசிரியரையும் கொண்டவர்கள். ஜெயமங்கலத்து மாணவிக்கு வார்டு உறுப்பினர் உண்டு, ஊராட்சித் தலைவர் உண்டு, கிராம சபையும் உண்டு. தேவதானப்பட்டி மாணவிக்குத் தெருவிளக்கு எரியாவிட்டால் போய் நிற்க ஒரு அலுவலகம் மட்டும் இருந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் மக்கள் கூடிப் பேசுவதற்கான பகுதி சபை விதிகளே 2022-இல்தான் வந்தன.

குடிமை மனப்பாங்கு குணம் என்றால் இந்த இருவருக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. அது அனுபவப் படிவு என்றால் இருக்க வேண்டும். அளவுகோலையும் மாற்ற வேண்டும். “பொதுப்பணியில் எனக்கு ஆர்வம் உண்டு” என்ற கூற்றுக்கு முழு உடன்பாடு வாங்குவதால் பயனில்லை. சபை வருகைப் பதிவேட்டில் கையெழுத்து உண்டா, மனு எழுதிக் கொடுத்ததுண்டா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதுண்டா, கேட்டதனால் ஏதாவது மாறியதா என்று செயலைத் தேட வேண்டும். கூடவே, உங்கள் ஊரிலோ கல்லூரியிலோ கடைசியாக ஒரு நடைமுறை மாறியபோது அதை எப்போது, யார் சொல்லி அறிந்தீர்கள், முடிவுக்கு முன்பா பின்பா என்ற ஒரு கேள்வி.

ஊரக ஊர்களையும் பேரூராட்சியையும் பிரிப்பது தேர்தல் மட்டும் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டம் ஊராட்சியில் இருந்தது, பேரூராட்சியில் இருக்கவில்லை. அந்த வேலைக்காகவே கிராம சபைக்குப் போன வீடுகள் உண்டு. நிலவுடைமையும் சாதி அமைப்பும் ஊருக்கு ஊர் மாறும். ஒரு முறை மட்டும் ஒப்பிட்டால் இவற்றை விலக்கிப் பார்ப்பது கடினம்.

ஆனால் 2025 ஜனவரி 5-இல் ஜெயமங்கலம் போன்ற ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சி மன்றத்துக்கோ ஐந்தாண்டுப் பதவிக்காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இடங்கள் தலைகீழாயின. 2025-இல் கல்லூரியில் சேர்ந்த தேவதானப்பட்டி மாணவிக்கு மன்ற உறுப்பினர் உண்டு. ஜெயமங்கலத்தவளுக்குக் கிராம சபை கூடலாம், அங்கே எழும் கேள்வியைக் கையில் எடுத்துச்செல்ல உறுப்பினர் இல்லை. நூறு நாள் வேலையும் நிலமும் சாதியும் ஊரும் இடம் மாறவில்லை. மாறியது குரலின் வழி மட்டும். 2020-ஆம் ஆண்டுத் தொகுதி மாணவரிடம் ஜெயமங்கலம் முன்னும், 2025-ஆம் ஆண்டுத் தொகுதியிடம் தேவதானப்பட்டி முன்னும் நின்றால் என் வாதத்துக்கு வலு. இரு தொகுதியிலும் ஒரே ஊர் முன்னே நின்றால், ஊரின் நிலமும் சாதியும் திட்டமும் நான் நினைப்பதைவிட ஆழமாக வேலை செய்கின்றன என்று பொருள். நான் கைவிட வேண்டியது என் கருதுகோளை. முந்தைய தொகுதியினர் பட்டம் வாங்கிப் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டார்கள். கல்லூரிகளின் முன்னாள் மாணவர் பதிவேடுகள் வழியாக அவர்களை இப்போதே தேடத் தொடங்கினால்தான் இந்த ஒப்பீடு கைகூடும்.